சத்தமில்லாமல் பார்த்த படங்கள்

கடையில் அவரை விமர்சகர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வாயைத் திறந்தால் பேய்ப்படம். புதிதாக வருகிற திகில் படம், கொலைப் படம் ஒன்றையும் விடமாட்டார். பார்த்த கையோடு செல்போனில் நாலு பத்தி எழுதிப் போட்டுவிடுவார். படிப்பவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம்.

அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு அவர் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன இரண்டு பேர் உட்காரும் சோபா. ஒண்டிக்கட்டைக்கு இது போதும். போதும் என்று அவரே அடிக்கடி வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. மதியம் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு ஒரே படத்தை இரண்டு முறை பார்ப்பார். முதலில் சத்தத்தோடு, பிறகு சத்தத்தை அறவே நிறுத்திவிட்டு. இந்தக் காலத்துப் பேய்கள் இசையமைப்பாளரின் முதுகில் ஏறித்தான் வருகின்றன என்பது அவருடைய கட்சி. முதுகை எடுத்துவிட்டால் தொப்பென்று விழுந்துவிடும். சத்தமே இல்லாமலும் எந்தக் காட்சி வயிற்றைக் கலக்குகிறதோ, அதற்குத்தான் மதிப்பெண்.

அன்றைக்குப் போட்டது ஒரு மருத்துவமனைப் பேய்ப்படம். முதல் முறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் முறை, வீடு ஓசையடங்கிக் கிடந்தபோது, சோபாவின் மறுபக்கத்தில் அது கேட்டது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

குட்டையாக, சுருக்கென்று, பல்லிடுக்கில் இழுத்த மூச்சு. அடுத்த நொடி திரையில் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது.

எழுந்து விளக்கைப் போட்டார். ஆளில்லை. நெடுநாள் திறக்காத பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை மட்டும் இருந்தது. படத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டார். அதே இடம். கை வருவதற்கு ஒரு நொடி முன்னால், அதே மூச்சு.

அந்த வாரம் முழுக்கப் படுக்கையறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் தூங்கினார். அடுத்தடுத்த செவ்வாய்களிலும் திகில் காட்சிக்கு ஒரு நொடி முன்னால் மூச்சு வந்தது. ஆனால் மனுஷன் எதற்குத்தான் பழகாமல் போனான்? நாலாவது செவ்வாய் ஒரு துப்பறியும் படம், உப்புச்சப்பில்லாதது. கொலைகாரன் யாரென்று முதல் கால்மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மூச்சு ஒருமுறைகூட வரவில்லை. முடிந்ததும் அவர் தன்னையறியாமல் மறுபக்கம் திரும்பினார்.

"குப்பை, இல்ல?"

விமர்சனத்தில், 'நாங்கள் இருவரும் ஏமாந்தோம்' என்று எழுதினார். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

அந்த முப்பது பேரில் அவருடைய அக்காவும் ஒருத்தி. மறுநாளே போன் செய்துவிட்டாள்.

"யாருடா அந்த இன்னொருத்தர்?"

"யாருமில்லக்கா. சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினேன்."

"ஏன்டா, பொய் சொல்றதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"எப்பவும் ஒரு நொடி முன்னாடியே பயப்படுதுங்கிற," அக்காவின் குரல் தாழ்ந்தது. "அப்ப அடுத்து என்ன வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியுதுடா. அந்த வீடு வேணாம். எங்க மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. வந்து எங்களோட இரு. மாமாவும் அதத்தான் சொல்றாரு."

எங்களோட இரு. அந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

அடுத்த செவ்வாய் மதியம் பெட்டியைக் கட்டினார். அன்று படம் போடவில்லை. டிவி அணைந்து கிடந்தது. பேயோடு பழகினாலும் பிரிவது அரிது என்று சும்மாவா சொன்னார்கள்? வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றார். வருவதாக இல்லை, வாய்ப் பழக்கம்.

தாழ்ப்பாளில் கை வைத்தார்.

சோபாவிலிருந்து மூச்சு வந்தது.

கையை எடுத்தார். அமைதி.

மறுபடி வைத்தார். மறுபடி மூச்சு.

வெளியே என்ன நிற்கிறது? கதவுத் துளையில் கண் வைத்துப் பார்த்தார். வெறும் நடைவழி, எதிர்வீட்டுச் செருப்பு, மங்கிய பல்பு. மூன்றாவது முறையாகத் தாழ்ப்பாளைத் தொட்டார். மூச்சு நீளமாக வந்தது, கடைசியில் ஒரு நடுக்கத்தோடு.

அப்போது அவருக்குள்ளிருந்த விமர்சகர் விழித்துக்கொண்டார்.

நிஜமான பயத்தில் மூச்சு நீளாது, பாதியில் அறுந்துவிடும். இதுவோ இழுத்துக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு முன்கூட்டி வரவில்லை, கை பட்ட பிறகுதான் வருகிறது. நடிப்பு. கதவுக்கு வெளியே ஒன்றுமில்லை. அவரைப் போகவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. ஐம்பது வயதுக்குள் எத்தனையோ பேரிடம் விடைபெற்றிருக்கிறார். போகாதே என்று இப்படிப் பாடுபட்டவர் ஒருவருமில்லை.

செல்போன் அடித்தது.

"பஸ் ஏறிட்டியா? ரூமைக் கழுவித் துடைச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"இல்லக்கா. அடுத்த வாரம் வரேன்."

"அடுத்த வாரமும் இதத்தான் சொல்லுவ." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "உன் இஷ்டம்டா. இனிமே நான் கூப்பிடமாட்டேன்."

வைத்துவிட்டாள். அவரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சோபாவில் தன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மனசு கனத்தாலும் கூடவே ஒரு நிம்மதி.

"நடிப்பு சுமார்தான்," என்றார் மெதுவாக. "கடைசியில கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. பரவால்ல, நான் எங்கயும் போகல."

பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது. நெடுநாள் திறக்காத பெட்டியின் அந்த வாசனை நெருங்கி வந்தது.

எதிரே டிவி அணைந்துதான் கிடந்தது.

அப்போது மூச்சு வந்தது. குட்டையாக, சுருக்கென்று, பல்லிடுக்கில்.

இதில் நடிப்பு துளியும் இல்லை.