ஒன்பதாவது சானல்

பழைய ஒலிப்பதிவுக் கன்சோலோடு எல்லாம் வந்திருந்தது, அந்த ஒரு கேபிளைத் தவிர.

உதிரி ஃபியூஸ்கள் தனித்தனிப் பொட்டலங்களில் வந்திருந்தன, ஒவ்வொன்றின் மேலும் எத்தனை ஆம்பியர் என்று பென்சிலால் குறித்து. கழன்ற குமிழ்கள் ஒரு தீப்பெட்டிக்குள். வரைபடங்கள் நூல் கட்டிய உறையில். திருகாணிகள்கூட அளவுவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இதையெல்லாம் முப்பது வருஷம் வைத்திருந்த எஞ்சினியர் எதையும் அப்படிப் பத்திரப்படுத்துகிறவர். அப்படிப்பட்ட மனுஷனிடம், இரும்புப் பெட்டி மாதிரி தனியாக நிற்கும் பவர் சப்ளையையும் கன்சோலையும் இணைக்கிற கேபிள் மட்டும் இல்லை. பெட்டிகளை மூன்று முறை கவிழ்த்துத் தேடிய பிறகு, விற்றவருக்கே அவன் போன் போட்டான். எஞ்சினியர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விற்றது அவருடைய தங்கை.

"அக்கா, கேபிள் ஒண்ணு விட்டுப்போச்சு போல. கட்டைவிரல் தடிமன்ல, ரெண்டு நுனியிலயும் வட்டமா, உள்ள ஊசி ஊசியா இருக்கும்."

"தெரியும் தம்பி. அது வராது."

"வராதுன்னா?"

"அண்ணன் அத நறுக்கிப் போட்டுட்டான். ஆச்சு பத்து வருஷம். கேரட் நறுக்குற மாதிரி உக்காந்து துண்டு துண்டா நறுக்குனான். மிஷின உடைக்கத்தான் மனசு வரல போல."

"அவர் மனைவிகிட்ட கேட்டுப் பாக்கலாமா? வேற எதாவது கேபிள்…"

"அண்ணிகிட்ட என்னத்தக் கேக்கறது. நல்லாத்தான் இருக்காங்க. நல்லாத்தான் பேசறாங்க. அண்ணன்தான் கடைசிவரைக்கும் அவங்க முகத்தப் பாக்கல. சாகும்போதுகூட அவள உள்ள விடாதீங்கன்னுட்டான்." அந்தம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க அத அலங்காரத்துக்குத்தானே வாங்குனீங்க?"

"ஆமா" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஒலிப்பதிவுத் தொழில் வட்டாரத்தில் அவனை எல்லோரும் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி டப்பிங் கலைஞர். குழந்தைகள் தொடர் ஒன்றில் எட்டு வருஷம் ஓர் அணிலுக்குக் குரல் கொடுத்தாள். அதிலிருந்து அவள் வீட்டிலும் அணிலுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் குரல்வளையில் முடிச்சு விழுந்தது, அறுவை செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் கட்டை அவிழ்த்தபின் வந்த குரல் வேறு ஆளுடையது. ஈரமான தரையில் செருப்பை இழுப்பது மாதிரி ஒரு கரகரப்பு. வாய்ப்புகள் ஒவ்வொன்றாய் நழுவின. அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அது இன்னும் மோசம். யாரிடமும் போய் நிற்காமல் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ இருந்தால் அவள் மறுபடி பேசுவாள் என்று அவன் நம்பினான். பல் மருத்துவமனை ஒன்றின் அடியில், படி இறங்கிப் போகிற ஒரு கிடங்கை எடுத்து, சுவரெங்கும் பஞ்சு அடித்து, ஒரு பக்கத்தில் குரல் பதிவுக்கென்று காற்றுப் புகாத ஒரு கண்ணாடி பூத்தும் கட்டிவிட்டான். திங்கட்கிழமை முதல் கதைப்பதிவு. கேபிள் வேண்டும்.

பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் பன்னிரண்டு ஊசி இணைப்பான் ஒரு ஜோடி கிடைத்தது. நான்கு நாள் உட்கார்ந்தான். வரைபடத்தை முன்னால் விரித்து, ஒவ்வொரு கம்பியாகத் தோலுரித்து, ஈயம் வைத்து, பன்னிரண்டையும் மீட்டரில் தொட்டுப் பார்த்தான். பிளஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைக்குக்குப் போகிற நாற்பத்தெட்டு வோல்ட். ஒன்று இடம் மாறினாலும் பதினாறு சானலும், அதாவது கன்சோலின் பதினாறு ஒலிப்பாதையும், கருகிப் போகும். ஒவ்வொன்றும் 'பீப்' என்றது. சுத்தமான வேலை. அவனுக்கே தன் கையை முத்தமிடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை மதியம் இணைப்பானைக் கன்சோலின் முதுகில் செருகிப் பூட்டு வளையத்தைத் திருகினான். மறுமுனை இன்னும் தரையில் கிடந்தது. இருந்தும் அந்தத் துளையின் விளிம்பு வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் கை வைத்த மாதிரி. பத்து வருஷம் சும்மா கிடந்த இரும்பு. முகம் அருகே போனபோது ஒரு வாடை வந்தது. தூசியோ துருவோ இல்லை, வெகுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருகிற வாடை. மேலே டாக்டர் யாருக்கோ பல் குடைந்துகொண்டிருந்தார். அங்கிருந்துதான் மருந்து வாடை இறங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுமுனையையும் மாட்டினான்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி முனகியது. மீட்டர்களுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் பரவியது. பதினாறு முள்ளும் ஒரு துள்ளு துள்ளி இடது ஓரத்தில் போய்ப் படுத்தன. ஒன்பதாவது மட்டும் படுக்கவில்லை. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை; பூத்திலிருந்த ஒரே மைக்கும் முதல் சானலில்தான் இருந்தது. ஆனாலும் அந்த முள் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, கொஞ்சம் நின்று மறுபடி ஏறியது. பழைய மின்தேக்கி, கசிவு இருக்கும், திங்கட்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். தூங்குகிற ஆளின் மார்பு அப்படித்தான் ஏறி இறங்கும் என்பதை அவன் நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

நான்கு மணிக்கு அணிலு வந்தாள். படிகளில் இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டுக் கன்சோலை ஒரு விரலால் தடவினாள்.

"இவ்ளோ பெருசா. இத வீட்ல வெச்சிருந்தா நாம வெளிய படுக்கணும்."

"உள்ள போ. ஒரு பக்கம் படிச்சுப் பாரு."

"என் தொண்டைக்கு இவ்ளோ பெரிய மிஷின் எதுக்குன்னு சிரிக்கப் போகுது."

வெளியிலிருந்து மட்டும் திறக்கிற பூத் கதவின் கைப்பிடியை அழுத்தித் திருப்பிச் சாத்தினான். இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால் அவள் விளக்கடியில் உட்கார்ந்து காகிதங்களைச் சரிசெய்தாள். ஹெட்போன் போட்டுக்கொண்டு முதல் சானலின் ஃபேடரை, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகுமிழை, ஏற்றினான். கரகரத்த குரல் வந்தது. அவன் அறிந்த, பழகிக்கொள்ள முயன்ற குரல். அதற்குள் ஒன்பதாவது முள் ஆடத் தொடங்கியிருந்தது. வெறும் ஆர்வத்தில் அந்த ஃபேடரைத் தொட்டு மேலே தள்ளினான்.

அவளுடைய பழைய குரல்.

கத்தி படாத குரல். விளிம்பெல்லாம் வழுவழுவென்று, 'ழ' சொல்லும்போது நுனியில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டியிருக்கிற அந்தக் குரல். இரண்டு வருஷமாக அவன் அதைப் பழைய பதிவுகளில், அவள் தூங்கிய பிறகு, திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது. முதல் சானலை இறக்கிவிட்டு ஒன்பதை மட்டும் கேட்டான். இந்தக் காலத்து மிஷினுக்கெல்லாம் இந்த மாயம் எங்கே வரும் என்று நினைத்தான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

பக்கம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று ஹெட்போனில் கேட்டது.

பிறகு, கண்ணாடிக்கு அப்பால், அவள் உதடு அசைந்தது: எப்படி இருந்துச்சு?

உதட்டைப் பார்த்துக் குரலைப் பொருத்துவது அவன் பிழைப்பு. கால் நொடி பிசகினாலும் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். இது முழுதாக ஒரு நொடி. குரல் பிந்தினால் அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. இங்கே குரல் முந்தியிருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

"நல்லா இருக்கு" என்றான் பேச்சு மைக்கில். "இன்னொரு தடவ."

இரண்டாம் முறை குரல் ஒரு வரி முன்னால் போனது. "இன்னொரு தடவ." மூன்றாம் முறை அரைப் பக்கம். குரல் போன இடத்துக்கெல்லாம் அவள் உதடு பின்னால் நடந்து வந்தது, இழுத்துக்கொண்டு போகப்படுகிற குழந்தை மாதிரி. ஹெட்போனில் "தொண்ட வலிக்குது" என்று கேட்டது, கொஞ்சமும் வலியில்லாமல், தேன் மாதிரி. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாற்பது நொடி கழித்து அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அதையே சொன்னாள். முதல் சானலைக் கொஞ்சம் ஏற்றியிருந்தால் அந்தக் கரகரப்பு எவ்வளவு கிழிந்திருந்தது என்று தெரிந்திருக்கும். ஏற்றவில்லை.

"ஒரே ஒரு தடவ. அப்பறம் வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் தலையசைத்தாள். காகிதத்தை எடுத்தாள். இன்னும் வாயைத் திறக்கவே இல்லை, குரல் கதையின் கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டது. பிறகு காகிதத்தில் இல்லாததைச் சொன்னது.

"என்னங்க. கதவத் திறங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அணிலு தலைகுனிந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க மூச்சு முட்டுது. கதவத் திறங்க."

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி முட்டியது. முட்டியது. கூடவே உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். கண்ணாடியில் யாருமே தட்டவில்லை.

அவளுக்கு ஏதோ நடக்கப் போகிறது. அவனுக்கு அது மட்டும்தான் தோன்றியது. இப்போது இல்லை, நாற்பது நொடியில், ஒரு நிமிஷத்தில், இந்தப் பூத்துக்குள். ஒன்பதாவது ஃபேடரை இழுத்தான். குரல் இறங்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்தான். இறங்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். எறிந்த இடத்திலிருந்து கேட்டது. கதவத் திறங்க. கன்சோலின் பின்னால் போய்ப் பூட்டு வளையத்தைத் திருகினான். சூடு. விரல் பொசுங்கியது. தான் கட்டிய கேபிளை இரு கையாலும் பற்றி இழுத்தான்.

வந்துவிட்டது.

மஞ்சள் வெளிச்சம் செத்தது. பூத் விளக்கும் சேர்ந்து அணைந்தது. அந்த விளக்கு வேறு லைன், அணைந்திருக்கக் கூடாது. மேலே பல் குடையும் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. அவன் ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தான். உள்ளே மை மாதிரி இருட்டு. அந்த வாடை.

"அணிலு?"

அவன் கைக்குள் ஒரு கை வந்து புகுந்தது.

இழுத்தான். வந்தாள். யோசிக்காமல், பின்னாலிருந்து எதுவும் வந்துவிடக் கூடாது என்கிற பயத்தில், கதவை அறைந்து சாத்திக் கைப்பிடியைத் திருப்பினான். அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். தோள், முகம், கைகள் என்று தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

"ஒண்ணும் இல்லல்ல? உனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"எனக்கென்ன" என்றாள். "நீங்கதான் இப்படி வேர்த்துக் கெடக்கீங்க."

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் குரல் திரும்பிவிட்டது என்று.

பூத் விளக்கு எரிந்தது.

அவன் திரும்பினான்.

கண்ணாடிக்கு அப்பால் அணிலு நின்றாள். ஒரு கையில் கசங்கிய காகிதங்கள். மறு உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. உதடு மட்டும். உதட்டைப் படிக்க அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கேபிள் இன்னும் அவன் இடது கையில் தொங்கியது. கன்சோலில் உயிர் இல்லை. ஆனால் அவள் அறையும்போதெல்லாம் ஒன்பதாவது முள் துள்ளியது.

கதவை நோக்கி அடி வைத்தான். வலது கை வரவில்லை. நாற்காலியில் இருந்தவள் அவன் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்திருந்தாள்; மென்மையாக, புதிதாகக் கல்யாணம் ஆனவள் மாதிரி. இழுத்தான். மறுபடி இழுத்தான். எலும்பு நெரிந்தது.

"யாரப் பாக்கறீங்க?" என்றது அந்தத் தெளிவான குரல், காதோரம். "வாங்க. வீட்டுக்குப் போலாம்."

கண்ணாடியின் உட்பக்கத்தில் மூச்சு பட்டு ஒரு வட்டமாக ஆவி படர்ந்தது. உள்ளே இருந்தவள் அதைத் துடைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். மறுபடி படர்ந்தது. துடைத்தாள். மறுபடி. ஒவ்வொரு தடவையும் வட்டம் கொஞ்சம் சின்னதாக இருந்தது.