பெற்றவள் பெயர்

காலையிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சட்டைக் கையைத் திருப்பி வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் அப்படியே தைத்தாள். உள்ளே மகள் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தத்துப் பிள்ளைகள் பெரியவர்களானதும் தங்கள் பிறப்புப் பதிவைக் கேட்டுப் பார்க்கச் சட்டத்தில் இடமிருந்தது. மகள் மனுப் போட்டிருந்தாள். இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

தத்து என்பது மகளுக்குச் சிறு வயதிலேயே தெரியும். தெரியாதது ஒன்றுதான். அவளைப் பெற்றவள் சொந்த அத்தை.

கல்யாணத்துக்கு முன்பே வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்ற நாத்தனாரை, யாருக்கும் தெரியாமல் வெளியூரில் வைத்துப் பிரசவம் பார்த்தவள் இவள்தான். காப்பகத்தில் விட்ட அந்தப் பிள்ளையையே கணவரிடம் அடம்பிடித்துத் தத்தெடுத்ததும் இவள்தான். "பார்த்தா அள்ளிக்குவேன் அண்ணி... என்னை வீட்டுப் பக்கமே விடாதீங்க" என்று நாத்தனார் கெஞ்ச, இல்லாத சண்டையைக் கிளப்பி அவளை வாசலோடு நிறுத்தினாள். கூடப்பிறந்தவளைப் பிரித்த ராட்சசி என்று கணவர் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளும் அதையே கேட்டு வளர்ந்தாள்.

நேற்றுத்தான் நாத்தனாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருந்தாள். இப்போது அவளே வந்து நின்றாள். திகைத்து எழுந்த அண்ணனைக்கூடப் பார்க்காமல், அண்ணியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். எப்படியாவது அவளைத் தடுத்துவிடுங்கள், என் குடும்பமே சிதறிவிடும் என்று அழுதாள்.

"உன் மானத்துக்காக என் நல்ல பேரைக் கொடுத்தேன். அது என்னோடது, கொடுத்தேன். அவ பிறப்பு அவளோடது, அதுல நான் கை வைக்க மாட்டேன். அங்க போய்ப் படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னால நீயே சொல்லிடும்மா."

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். மனைவியின் பக்கம் திரும்பக் கணவருக்கு முகமில்லை.

மகள் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் வந்தாள்.

"எவ்வளவு பேசியிருக்கேன் உன்னை... ஏம்மா வாயைத் திறக்கல?"

"சொல்ல வேண்டியவ அவதானே..."

மகள் அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. காதால் கேட்டது போதாது, தன் பதிவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். கணவர் காரை எடுத்தார்; அண்ணியும் நாத்தனாரும் மகளோடு ஏறிக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் அதிகாரி, கூட வந்திருக்கும் இரண்டு பெண்களும் யார் என்று மகளைக் கேட்டார்.

"இவங்க அம்மா. இவங்க என்னைப் பெத்த அத்தை."

அண்ணியின் விரல்கள் நாத்தனாரின் கையைத் தேடிப் பற்றிக்கொண்டன.