பின்சீட்டில் ஒரு நீல மழைக்கோட்டு

காலை பத்து மணிக்குத் தீம் பார்க் வாசலில் வந்து இறங்கும்போதே அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. மருத்துவமனை லேபில் நாள் முழுக்க விரல் குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. மூன்று வருடம் கழித்து இரண்டு நாள் லீவு கிடைத்து, எட்டு வயது மகளை ஆசை தீர ஆடவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று கிளம்பினால், கூடவே அண்ணனும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். மனிதர் நடத்துவது மருந்துக்கடை. ஆனால் வாயைத் திறந்தால் சட்டம்தான் வரும். வாடகைக் காருக்கென்றே தனியாக ஒரு பாடம் வைத்திருந்தார். நம்பர் பிளேட்டைப் படம் எடுக்காமல் யாரும் ஏறக் கூடாது. டிரைவர்தான் நம் பெயரைச் சொல்ல வேண்டும், நாம் முந்திக்கொண்டு உளறக் கூடாது. குழந்தைகள் பின்சீட்டில், பெல்ட் போட்டு. கிளம்பும் முன்பு தலை எண்ணியாக வேண்டும். முதல் காரில் அவர், அண்ணி, பையன்கள் இரண்டு பேர். இரண்டாவது காரில் அவளும் மகளும். ஆறு தலை சரியாக வந்தால்தான் சக்கரம் உருளும்.

"நான் என்ன சின்னப் புள்ளையா அண்ணா? எனக்குத் தெரியாதா?" என்று காலையிலேயே கேட்டுப் பார்த்தாள்.

"தெரிஞ்சவங்கதான் கோட்டை விடுவாங்க. சொன்னதைச் செய்."

அதற்கு மேல் என்ன பேசுவது?

பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வாசல் கடையில் நீல பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்றார்கள். பார்க்கில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நீலத்தில், தலையை மூடிக்கொண்டு, எது யார் பிள்ளை என்று தெரியாமல் திரிந்தன. மகள் ஆசைப்பட்டது படகுச் சவாரிக்கு. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். இவர்கள் முறை வந்ததும் கயிற்றைக் கட்டி, இன்றைக்கு இவ்வளவுதான் என்றார்கள். மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள்?

"வாயை மூடு! உன்னைக் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டாள்.

மகள் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து மணிக்கே பார்க்கை மூடுவதாக அறிவித்தார்கள். ஒரே நேரத்தில் ஊர்ப்பட்ட ஜனமும் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பாய்ந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கார்கள், ஹாரன், சேறு, நீலக் கோட்டுகள். வானம் அந்த நேரத்துக்கே இருட்டிக் கிடந்தது. அவள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தபோது அண்ணன் இரண்டு கார்களுக்கும் நடுவில் நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"உன் பொண்ணை அப்பவே ஏத்தியாச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... நீ ஒண்ணு, பாப்பா ஒண்ணு. ஆறு! ஏறு, ஏறு."

அவள் நம்பரைப் பார்த்தாள். சரிதான். காலையில் வந்த அதே டிரைவர்தான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பின்சீட்டின் அந்தக் கோடியில் நீலக் கோட்டு, தலையை மூடி, முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தது. இன்னும் கோபமா? இருக்கட்டும். எனக்கும்தான் கோபம்.

கதவைச் சாத்தியபோது அவள் பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஆவி படிந்த கண்ணாடிக்கு வெளியே இன்னொரு நீலக் கோட்டு. எந்த வீட்டுப் பிள்ளையோ, தங்கள் கார் என்று நினைத்துத் தட்டுகிறது. கண்ணாடியை இறக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. "போ, போ, உங்க அம்மாகிட்ட போ" என்று கையை வீசிக் காட்டினாள்.

கார் நகர்ந்தது.

பிரதான சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. பத்து நிமிடம் அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பெல்ட் ஞாபகம் வந்தது. "அதைக்கூட நான்தான் போட்டுவிடணுமா?" என்று எட்டி இழுத்து மாட்டிவிட்டாள். குழந்தை அசையவில்லை. ஈர பிளாஸ்டிக் வாடை அடித்தது. அதற்கும் அடியில் வேறொரு வாடை, பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை. சேற்றில் நனைந்த ஷூவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஊர் முழுக்க மூடினா நான் என்னடி பண்ணுவேன்? படகை நானா கட்டிப் போட்டேன்?"

பதில் இல்லை.

"உங்க மாமாவோட மல்லுக்கட்டணும், மழையோட மல்லுக்கட்டணும், உன்னோடயும் மல்லுக்கட்டணுமா?"

டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார். காலையில் வரும்போது வாய் ஓயாமல் பேசியவர், இப்போது ரேடியோவைக்கூடப் போடவில்லை.

அவளுக்கு மனசு இளகிவிட்டது. குழந்தைதானே. எல்லோர் முன்னாலும் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். மடியில் கிடந்த அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா தப்பு பண்ணிட்டேன்டி தங்கம். நாளைக்கு நாம ரெண்டு பேரும் மட்டும் வருவோம். சரியா?"

கை ஜில்லென்று இருந்தது. லேபில் இப்படித்தான் குளிர்ந்துபோன விரல்களோடு பிள்ளைகள் வரும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். பதினைந்து தேய்ப்பில் எந்தக் கையிலும் சூடு ஏறிவிடும், இத்தனை வருடத்தில் ஏறாத கை கிடையாது. தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

ஏறவில்லை.

"அண்ணே, கொஞ்சம் ஏசியை நிறுத்துங்களேன்."

"ஏசி போடவே இல்லைம்மா" என்றார் டிரைவர், மெதுவாக.

அப்போது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு கையில் போனை எடுத்தாள். இன்னொரு கைக்குள் அந்தக் கை இருந்தது.

"பார்க் பார்க்கிங்லேர்ந்து பேசுறேம்மா, வாட்ச்வுமன். உங்க பொண்ணு இங்க நிக்குது. நம்பரை மனப்பாடமாச் சொல்லுது, கெட்டிக்காரி."

"என் பொண்ணு என்கூடத்தான் இருக்கா. ராங் நம்பர்" என்றாள் எரிச்சலோடு.

மறுமுனையில் போன் கை மாறியது.

"அம்மா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க. மாமா ஏறச் சொன்னாரு. ஷூ லேஸ் அவுந்துச்சு, குனிஞ்சு கட்டுனேன். நிமிர்ந்தா உள்ள யாரோ உட்கார்ந்திருந்தா. நான் கண்ணாடியைத் தட்டுனேன்ல? நீங்க என்னைப் பாத்துப் போன்னு கையைக் காட்டுனீங்க."

மகள் விசும்பினாள். அது அவள் பெற்ற பிள்ளையின் விசும்பல். எத்தனை கூட்டத்திலும் அவளுக்கு அது தெரியும்.

"ஏம்மா விட்டுட்டுப் போனீங்க?"

அந்தக் கேள்வி போனுக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். நீலக் கோட்டுக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒரு சத்தம் வந்தது. சின்னக் குரல், குறை சொல்கிற குரல்.

"என்னையும்தான்."

அவள் கத்தவில்லை.

கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை. இழுத்தால் அந்த முகம் இந்தப் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம்.

"அண்ணே" என்றாள் கிசுகிசுப்பாக. "வண்டியைத் திருப்புங்க. என் பொண்ணு அங்கேயே இருக்கா."

டிரைவர் யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. அவருடைய பின்கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. "நடுவுல தடுப்புச் சுவர் இருக்கும்மா. அடுத்த பாலம் வரைக்கும் திரும்ப முடியாது."

"எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர்."

மூன்று கிலோமீட்டரும் ஊர்ந்தார்கள். எந்தப் பாவி இந்தத் தடுப்பைக் கட்டினான்? முன்னால் போன லாரி எதற்கு இப்படி நடுரோட்டில் நிற்கிறது? பிள்ளை அங்கே மழையில் நிற்கிறாளே! அந்த நேரம் பார்த்து அண்ணன் போனில் வந்தார்.

"எங்க இருக்கே? பின்னாடியே வரணும்னு சொன்னேனா இல்லையா?"

"நீ எண்ணினது தப்பு அண்ணா."

"தப்பா? ஆறு பேர். நானே எண்ணினேன்!"

"ஆறு சரிதான். ஆள்தான் தப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இந்த மனிதருக்கு எதைச் சொல்லி எப்படிப் புரியவைப்பது?

அவர்கள் திரும்பி வந்தபோது பார்க்கிங் காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு விளக்குக்கு அடியில் வாட்ச்வுமன் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் கோட்டின் தலையைப் பின்னால் தள்ளிவிட்டு, நனைந்த முடியோடு மகள். காருக்குள்ளிருந்து அவள் கதவைத் திறந்து ஓடினாள். பிள்ளையை வாரி அணைத்து, முகம், காது, விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சூடாக இருந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாட்ச்வுமன் காருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"மழை வந்தா இதே ரோதனை. கேட்டைத் தாண்டுறதுக்குள்ள இறக்கிவிட்டுடும்மா. கையை வீசிப் போன்னு சொல்லு, போயிடும். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அதுக்குப் பழக்கம்தான்."

"யார் புள்ள அது?"

"யாருக்குத் தெரியும்? நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே நிக்குது."

அவள் கார்க் கதவருகில் வந்தாள். நீலக் கோட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது, அவள் மாட்டிவிட்ட பெல்ட்டோடு, யாரும் சொல்லாமலேயே ஒழுங்காக. முகம் இன்னும் அந்தப் பக்கமே இருந்தது. தோள்கள் மட்டும் கொஞ்சம் குறுகிக்கொண்டன. என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியும் போலிருந்தது.

அவள் கையைத் தூக்கினாள்.

சட்டென்று மகள் அவளை விட்டு ஓரடி பின்வாங்கினாள். தூக்கிய அந்தக் கையையே பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது.



அவள் கையை இறக்கிவிட்டாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எவ்வளவு சுலபமாக வந்தது 'போ' என்கிற இந்த வார்த்தை! இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"வா, ஏறு" என்றாள் மகளிடம்.

நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அது. மகளுக்கு பெல்ட் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

டிரைவர் சாவியைத் தொடவில்லை. "வேண்டாம்மா. நான் புள்ளகுட்டிக்காரன்."

"நானும்தான். எடுங்க வண்டியை."

கேட்டைத் தாண்டும்போது வாட்ச்வுமன் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள், ஊதவில்லை. பாதி தூரத்தில் மகள் அம்மாவின் இடது தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வலது தோளிலும் ஒரு தலை மெல்லச் சாய்ந்தது. சேலை நனைந்து, ஈரம் தோல் வரைக்கும் இறங்கியது. அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் விளக்குகள் தெரிந்த பிறகுதான் ஓரக்கண்ணால் பார்த்தாள். சீட்டில் யாரும் இல்லை. தோளில் கனம் மட்டும் அப்படியே இருந்தது.

வாசலை வேறொரு வேன் அடைத்து நின்றது. இருபதடி தள்ளியே டிரைவர் நிறுத்தினார். அவள் மகளை எழுப்பி இறக்கினாள். சுற்றி வந்து அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்தாள். திறந்து பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள்.

அண்ணன் பெரிய குடையோடு வேகவேகமாக வந்தார். "ஒரு வார்த்தை சொன்னா கேட்கிறதில்லை! நான் போட்ட ரூலை மதிச்சிருந்தா இது நடக்குமா? எதுக்குக் கதவைத் திறந்து வெச்சிட்டு நிக்கிறே? மூடு, சீட்டெல்லாம் நனையுது."

"கொஞ்சம் இரு அண்ணா."

"எதுக்கு இருக்கணும்? யார் இறங்கணும் இன்னும்?"

சீட்டு லேசாக முனகியது.

அண்ணன் அடுத்ததாக ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். தன் இடது கையைக் குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "மழை இப்படி ஜில்லுன்னு அடிக்குது" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். திட்டிக்கொண்டேதான் போனார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. அவர் பிடித்திருந்த குடை மெல்ல இடது பக்கம் சாய்ந்து, இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. வலது தோள் முழுக்க நனைவது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. வேகவேகமாக வந்த மனிதர் இப்போது அடியைக் குறுக்கிக் குறுக்கி வைத்தார்.

அவள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

ஹோட்டல் படி வந்ததும் அண்ணன் நின்றார். பக்கத்தில் யாரோ ஏறி முடிப்பதற்குக் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் தான் ஏறினார்.