ஓசி கரண்ட் வேண்டாம்

மூன்று சதவீதம்.

காரின் பேட்டரித் திரையில் சிவப்பாய்ச் சிமிட்டிய எண்ணைப் பார்த்து எழிலரசி பல்லைக் கடித்தாள். வெளியே மழை... பாலக்கோட்டுச் சாலையே தெரியாத மழை. சந்தைப் பக்கத்துச் சார்ஜர் பழுது. கார் ஒரு தக்காளித் தோட்டத்தோரம் ஊர்ந்து நின்றது.

உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். இமையில் மழைத்துளி தொங்கும் கண்கள்... சிரிக்கிற கண்கள்.

"என்னாங்க, பொம்மை கார் படுத்துக்கிச்சா?"

"பொம்மை இல்லைங்க. என் சம்பளத்துல டியூ கட்டற கார்."

"கோவிச்சுக்காதீங்க. அதோ மோட்டார் ரூம், ஒயரைச் சொருகுங்க. பம்புசெட்டுக்குக் குடுக்கற ஓசி கரண்டு. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன். அது தக்காளிக்குக் குடுத்தது. வூட்டு மீட்டர் இருந்தா சொல்லுங்க, யூனிட்டுக்குக் காசு தரேன்."

தீர்த்தகிரி அவளை உற்றுப் பார்த்தான். ஓசி கரண்டை வேண்டாம் என்ற முதல் ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

அவன் வீட்டு வாசலில், தகரக் கூரைக்குக் கீழே கார் சார்ஜ் ஏறியது.

"பெட்ரோல் கார் வாங்கியிருக்கலாமில்ல?"

"விதை கம்பெனி வேலைங்க. தோட்டம் தோட்டமா தினம் எண்பது கிலோமீட்டர். பெட்ரோல்னா ஐநூறு ரூபா. வூட்டுல சார்ஜ் போட்டா எண்பது. வெளிய போட்டா இருநூறுக்கு மேல... டியூ போக ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப வூட்டுலயே போடறது?"

"எங்க தெரு லைனு மிக்ஸிக்கே மூச்சு வாங்குது. லைனை மாத்தச் சொல்லி கரண்ட் ஆபீசுல எழுதிக் குடுத்து நாலு மாசம். இந்த மாசம் ப்ளக் கிடைக்கலன்னா காரை வித்துட்டு பஸ்ல தொங்கணும். எங்க வூட்டுல முதல்ல படிச்சவ, முதல்ல கார் ஓட்டினவ... முதல்ல வித்தவளும் நானேன்னு ஆயிடும்."

அவள் கண் கலங்கவில்லை. சுட்டது.

"தினம் இங்கயே போட்டுக்குங்க," என்றான் மெதுவாக. "காசு வாங்கிக்கறேன்."

அவளுக்குள் ஏதோ நனைந்தது... ச்சே, மழைதான்.

அவன் அம்மா கோவிந்தம்மாள் டீயோடு வந்தாள். "எந்தூரு கண்ணு? யாரு வூட்டுப் பொண்ணு?"

"கம்பைநல்லூர் காலனிங்க. கருப்பண்ணன் மக."

நீட்டிய டம்ளர் பாதி வழியில் நின்றது. கோவிந்தம்மாள் டீயோடு திரும்பி நடந்தாள். போகிற போக்கில் சுவர் சுவிட்சை அணைத்தாள்.

தீர்த்தகிரி வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு சதவீதம். அடுத்த சார்ஜர் வரை போதும். எழிலரசி இருபது ரூபாய்த் தாளை வாசல் திண்ணையில் கல்லுக்கடியில் வைத்தாள். "ரெண்டு யூனிட். உங்க வாய் மோட்டார் ரூம்ல மட்டும்தான் பேசும் போல."

மூன்று வாரம் ஓடிற்று. மறுநாள் காரைப் பார்க்கப் புரோக்கர் வருவதாக இருந்தது.

அதே சாலை. தோட்டத்தோரம் ஒரு புதுக் கம்பம், புது மீட்டர், ஒரு பலகை: 'கார் சார்ஜ். யூனிட் பத்து ரூபாய். ஊர், வீடு விசாரிக்கப்படாது.'

பக்கத்தில் அவன்.

"என்ன, தயவா?" கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"வியாபாரங்க. என் பேர்ல தனி சர்வீஸ். கரண்ட் ஆபீசுக்கு ஒம்போது தடவை நடந்தேன். பைக்க வித்துட்டேன். அம்மா பேசறதில்ல."

"அன்னிக்கு ஏன் வாய மூடினீங்க?"

"பயம்."

"இப்ப?"

"இப்பவும்தான்..." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மழையில் சுருங்கிய அதே இருபது ரூபாய். "இதைச் செலவு பண்ண முடியலைங்க. உங்களப் பிடிச்சிருக்கு."

இவனை மன்னிப்பது அத்தனை மலிவா? இல்லை. எழிலரசி பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க. முன் சீட்டுல."

"எங்க?"

"உங்க தெரு வழியா எங்க தெருவுக்கு. கண்ணாடி இறங்கியே இருக்கணும். எனக்கும் பிடிச்சிருக்கு... ஆனா பட்டப்பகல்லதான்."

அவன் தாளைத் திரும்பப் பையில் வைத்தான். ஏறினான்.

தெருமுனை திரும்பியதும் வாசலில் கோவிந்தம்மாள்.

"இந்த வண்டி சத்தமே போடாதுங்களே..." அவன் முணுமுணுத்தான்.

"நான் போடுவேன்."

ஹாரனில் கை வைத்து அழுத்தினாள். அந்தக் கையின் மேல் அவன் கையும் விழுந்தது... வீடு தாண்டியும் எடுக்கவில்லை.