ஒருவர் பார்த்துவிட்டார்

ஐந்தேகாலுக்கு இனியனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

ஓவியா மடிக்கணினியின் திரையைச் சாய்த்துப் பார்த்தாள். டீம் ஆப்பின் இடது ஓரத்தில் நான்கு பெயர்கள். ஸ்டீவன், ஜெபஷீலா, ஓவியா, இனியன். நான்கிலும் பச்சை. நான்கு பேரும் வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனியனை அடக்கம் செய்து பதினாறு நாள் ஆகிறது.

மயிலாடும்பாறையில் அம்மா வீட்டுக்குள் டவர் நிற்காது என்பதால்தான் அவள் கூடலூருக்கு வந்து, திராட்சைப் பெட்டி அடுக்கும் கொட்டகைக்கு மேலே இருந்த இந்த ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். மழைக்குக் கொட்டகையில் இன்று ஆள் இல்லை. தகரக் கூரையில் தண்ணீர் விழும் சத்தம், நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை, அடியில் எங்கோ அழுகிய திராட்சையின் புளித்த நெடி, சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கும் மலைக்காற்று, எல்லாம் சேர்ந்து அறையை நெருக்கிக்கொண்டு வந்தன.

தேனியில் இருக்கும் ஸ்டீவனுக்குப் போன் போட்டாள். டீமுக்கு அவர்தான் தலை.

"அண்ணே, இனியன் ஆன்லைன்ல காட்டுது."

"காட்டத்தேன் செய்யும். சர்வர் சாவி பூராம் அவன் கணக்குலதேன கெடக்கு. மூடுனா நாம நடத்துற ஆப் படுத்துரும். மாத்துற வரைக்கும் அவனுக்கு லீவே கெடையாது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"சும்மா சொன்னேன் ஆத்தா. அவுக அம்மா அப்பாவுக்குக் குடுக்கணும்ல, அந்த நினைவுப் பக்கம், அதுல உன் பங்கு மட்டுந்தேன் பாக்கி. ஆறு மணிக்குள்ள எழுதிரு. நாளைக்குப் பிரிண்ட் எடுக்கணும்."

"சரிண்ணே."

நினைவுப் பக்கம் என்பது டீமில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய ஓர் ஆவணம். ஸ்டீவன் பத்து வரி எழுதியிருந்தார். ஜெபஷீலாவின் பகுதி ஒரே பத்தி. 'யாரோ கண் வச்சிருந்தாக. பாத்துக்கிருவாகன்னு விட்டுட்டேன். யாருன்னு தொட்டுக்கூடப் பாக்கல. என்னைய மன்னிச்சிருங்கம்மா.'

கண் வைப்பது ஸ்டீவன் போட்ட சட்டம். குரூப்பில் ஒரு செய்தி வந்தால், அதை எடுத்துச் செய்யப் போகிறவர் அதன் கீழே கண் குறி வைக்க வேண்டும். குறி விழுந்துவிட்டால் மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது. ஒரே வேலையை இரண்டு பேர் செய்து பிழை வந்ததில் பிறந்த சட்டம். செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஒருவர் பார்த்துவிட்டார்' என்று வரும். தொட்டால்தான் பெயர் தெரியும்.

அன்று குமுளியிலிருந்து இறங்கும்போது இனியனின் பைக் சறுக்கியது. மலையில் போன் போகவில்லை. செய்தி ஒன்று மட்டும் எப்படியோ போனது. கை உடைந்திருந்ததால் மைக்கை அமுக்கி வாயால் சொன்ன செய்தி. 'பைக் சறுக்கி பள்ளத்துல கெடக்கேன் லோயர் கேம்ப்புக்கு மேல வளைவு யாராச்சும் வாங்க'.

அந்நேரம் ஓவியா அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் ஏதோ வந்தது. ஏதோ வேலைச் செய்தி என்று நினைத்து, படிக்காமலே, பழக்கத்தில் அவள் கட்டைவிரல் கண் குறியைத் தட்டிவிட்டது. விடிந்ததும் இனியன் இறந்த சேதி வந்தது. குறியை அழித்தாள். யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும்கூட.

இப்போது எழுதினாள். 'அந்தக் குறியை வைத்தது நான்.'

பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அம்மா இதை வாசிப்பார். ஸ்டீவன் அண்ணன் வாசிப்பார். அழித்தாள். 'இனியன் எல்லோரிடமும் அன்பாக இருப்பான்' என்று எழுதினாள்.

வரியின் கடைசியில் இன்னொரு கர்சர் வந்து நின்றது. அதன் தலையில் சின்னப் பெயர்ப் பட்டை. இனியன்.

ஸ்டீவன் அண்ணன்தான் அவன் கணக்கில் நுழைந்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

கர்சர் பின்னால் நகர்ந்தது. அவள் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகத் தின்றது. பிறகு, ஒரு விரலால் தேடித் தேடி அடிப்பவனைப் போல, மெதுவாக எழுத ஆரம்பித்தது.

அந்தக். குறியை. வைத்தது.

அவள் அழித்தாள். அது மறுபடியும் எழுதியது. மறுபடியும் அழித்தாள். கர்சர் சற்று நேரம் சும்மா துடித்தது. பிறகு ஆவணத்தை விட்டுப் போய்விட்டது.

கரண்ட் போனது.

கீழே கொட்டகையின் தகரக் கதவு கிரீச்சிட்டது. பூட்டிய கதவு. பெட்டிகளுக்கு நடுவே எதுவோ ஈரமாக இழுபட்டு வந்தது. படிக்கட்டில் ஒரு காலடி. அடுத்து, இழுக்கும் சத்தம். ஒரு காலடி. இழுக்கும் சத்தம். புளித்த திராட்சை நெடியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வாடை ஏறி வந்தது.

"யாரு?"

சத்தம் நின்றது. பிறகு இன்னொரு படி.

ஸ்டீவனுக்குப் போன் போட்டாள். போகவில்லை. அம்மாவுக்கு. போகவில்லை. டவர் ஒற்றைக் கோடாக வந்து வந்து போனது. எழுத்தைத் தேடி அடிக்க நேரமில்லை. குரூப்பைத் திறந்து மைக்கை அமுக்கினாள்.

"ரூம்புல தனியா இருக்கேன் யாரோ படியேறி வாராக கூடலூர் கொட்டகை மாடி யாராச்சும் வாங்க."

செய்தி போனது. அதைப் படித்தபோதுதான் கடைசி இரண்டு சொற்கள் அவள் கண்ணில் பட்டன.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஸ்டீவன் பச்சை. ஜெபஷீலா பச்சை. இருவரும் இருக்கிறார்கள். படிப்பார்கள். ஸ்டீவன் அண்ணன் கூடலூர் ஸ்டேசனுக்குச் சொல்வார்.

செய்தியின் கீழே கண் குறி விழுந்தது.

ஒருவர் பார்த்துவிட்டார்.

மூச்சு வந்தது. ஜெபஷீலாவின் புள்ளி அணைந்தது. ஆறு மணி. ஸ்டீவனின் புள்ளி அணைந்தது.

கடைசிப் படி. கதவுக்கு அந்தப் பக்கம், தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

ஓவியா அந்தக் குறியைத் தொட்டாள்.

இனியன்.

ஓரத்தில் இரண்டே பச்சைப் புள்ளிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. கதவின் கீழ் இடுக்கு வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. தாழ்ப்பாள், ஒரு விரலால் தேடித் தேடித் தள்ளுவதைப் போல, மெதுவாக நகர்ந்தது.