தங்கத் தலை

இதை எனக்குச் சொன்னவர் கெங். அவர் சொன்னபடியே நினைவு வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். நடுவே நானே ஏதாவது சேர்த்திருக்கலாம். பேரரசர் யோங்ஜெங் இறந்த அந்த இலையுதிர்காலத்தில் பெய்ஜிங்கில் யாருடைய நினைவும் நேராக இல்லை.

பேரரசர் திடீரென்று இறந்தார். எதனால் என்று அறிவிப்பில் சொல்லவில்லை. நூறு நாள் துக்கம் என்றார்கள். பாட்டு நின்றது, கல்யாணங்கள் நின்றன, மழிக்கக் கூடாதென்று நாவிதர் கடைகள் அடைபட்டன. வழக்கமாக மழித்து வைக்கும் முன்னந்தலையில் முளைத்துவிட்ட மயிரைச் சொறிந்துகொண்டு, ஆண்கள் தணிந்த குரலில் பேசித் திரிந்தார்கள்.

துக்கம் தொடங்கி இரண்டு மாதம் தாண்டிய ஒரு நாள், கெங் அப்படிச் சொறிந்தபடி நண்பர் துவானின் அறையில் உட்கார்ந்திருந்தார். துவான் நீதிமன்றத்தில் பிணப்பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அப்போதுதான் சூயூன் ஓடிவந்தாள்.

"ஐயா, என் வீட்டுக்காரரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க! நாளைக்கு விசாரணை. தலையை எடுத்துடுவாங்களாம்."

அவள் கணவன் ஷின், அரண்மனைத் தோட்டத்தில் மருந்து காய்ச்சும் உலைகளுக்குக் கரி சுமப்பவன். ஒரு வாள்காரி பேரரசரின் தலையைக் கொய்துபோனாள், சவப்பெட்டியில் தங்கத் தலைதான் இருக்கிறது என்று அவன் சொன்னானாம். புகார் கொடுத்தவன் நூடுல்ஸ் கடைக்காரன் பான்.

"நான் மாத்திரைன்னுல்ல கேள்விப்பட்டேன்!" என்றார் கெங். "சாகாம இருக்கத் தின்ன மாத்திரையே ஆளைக் கொன்னுடுச்சாம். இன்னொருத்தன் சொல்றான், ராப்பகலா வேலை பார்த்தே…"

"உன் தலையும் போகணுமா? சும்மா இரு."

துவான் அதட்டிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார். பிறகு சொன்னார்: "மருந்து உலைக்குக் கரி சுமக்கறவன் கதை விட்டா மாத்திரையைப் பத்தித்தானே விடுவான்? வாள்காரி எங்கேர்ந்து வந்தா? வாங்க, பானைப் பார்ப்போம்."

பான் தயங்கவில்லை. "போன வாரம், இதோ இந்தப் பெஞ்சுலதான். விளக்கு பக்கத்துல இருந்துச்சு. மழிச்ச நெத்தி பளபளக்குது, வேர்வை ஒழுகுது, அப்படியே என் காதுகிட்ட குனிஞ்சு சொன்னான்."

"போன வாரமா?" என்றார் துவான்.

"சத்தியமா."

துவான் விளக்கை எடுத்து பான் முகத்தருகே பிடித்தார்.

"பான், உன் நெத்தியைத் தொட்டுப் பாரு."

பானின் கை மேலே போய், மயிரில் பட்டு, அங்கேயே நின்றது.

"போன வாரம் இந்த ஊர்ல எவன் நெத்தி பளபளத்தது?"

"திருட்டுத்தனமா மழிச்சிருந்தா?" என்றார் கெங்.

"காவல்ல இருக்காரு, போய்ப் பாருங்க," என்றாள் சூயூன். "விரற்கணு அளவு வளர்ந்து கிடக்கு. ஒரு வாரத்துலயா அவ்வளவு வளரும்?"

"வளராது," என்றார் துவான். "நீ சொன்னது கோடையில பார்த்த முகம், பான். போன வாரம் அவன் இங்கே வரவேயில்லை. அப்போ தங்கத் தலையைப் பத்திப் பேசினது யாரு?"

பான் பெஞ்சில் சரிந்தான். "நான்தான். குடிவெறியில உளறிட்டேன். திரும்பிப் பார்த்தா யாரோ எழுந்து போறாங்க. அவங்க என்னைக் காட்டிக்கொடுக்கறதுக்குள்ள… ஷின் தோட்டத்துக்குப் போய்வர்றவன். அவன் சொன்னான்னா நம்புவாங்கன்னு…"

"எங்க கல்யாணத்துக்கு நூடுல்ஸ் இழுத்த கைதானே அண்ணே இது?" என்றாள் சூயூன்.

கெங் அவன் சட்டையைப் பிடித்தார். "நடடா, கோர்ட்டுக்கு!"

"அங்கே இதைச் சொன்னா இவன் தலை போகும்," என்றார் துவான். "ஷின் வாயால எதையும் கேக்கல, ஆளை மாத்திச் சொல்லிட்டேன்னு இவனே புகாரைத் திரும்ப வாங்கினா பிரம்படியோட போகும். நீதான் சொல்லணும்மா."

சூயூன் கெங்கின் பிடியிலிருந்து பானின் சட்டையை விடுவித்தாள்.

"அடி வாங்கட்டும்," என்றாள். "யார் தலையும் வேணாம்."

திரும்பும் வழியில் கெங் கேட்டார்: "பேரரசர் நிஜமா எப்படித்தான் செத்தார் அண்ணே?"

"உடம்பைப் பார்க்காம நான் எதுவும் சொல்றதில்ல."

பான் பிரம்படி பட்டு, கால் விந்தி, ஊரைவிட்டுப் போனான். துவான் இரண்டு குளிர்காலம் கழித்து இறந்தார். பேரரசரின் பெட்டியைத் திறக்காமலே மேற்கே மலையடியில் அடக்கம் செய்தார்கள். ஷின் வீடு திரும்பி, வாயே திறக்காமல் தெருவில் கரி விற்றான். "கரி" என்று கூவுவதைக்கூட சூயூன்தான் செய்தாள்.