வயிற்றுக்குள் விளக்கு

கேமராவைத் திருப்பியது தன் கைதானா என்று டாக்டர் ஹெனாரோவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எல்லோரும் 'மனாங்', அக்கா, என்று கூப்பிடும் செவிலி லூர்தெஸ் தண்ணீர்ப் பையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

இலோயிலோ ஊர் ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கழுவ முதல் தண்ணீர் உள்ளே போகும் முன் மூத்த டாக்டர், "தபி-தபி, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க" என்று முணுமுணுப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாதவர்கள்மீது கேட்காமல் தண்ணீர் கொட்டக்கூடாது. முப்பது வருடமாகச் சொல்லிவந்தவர் ஹெனாரோ.

அன்று அவர் வாயைத் திறக்கவில்லை.

படுத்திருந்தவள் மீன் விற்கும் பெனிதா. பெருங்குடலில் புடைத்திருந்த சிறு பை ஒன்று வெடித்து வயிறெல்லாம் சீழ். அவராக இருந்தால் நெடுக்கக் கீறியிருப்பார். பெனிதாவின் பிள்ளைகளோ, "சின்ன ஓட்டை போடுற டாக்டரம்மாவே பண்ணட்டும்" என்றுவிட்டார்கள். டாக்டரம்மா மாரிசோல், அவரிடம் தையல் கற்றவள். அவருக்கு, ஓட்டை வழியே உள்ளே விட்ட கேமராவைப் பிடிக்கும் வேலை.

"சார், படம் ஆடுது. நேரா பிடிங்க."

"கத்தி பிடிச்ச கைம்மா, கேமரா பிடிக்கச் சொன்னா ஆடாதா?" என்று லூர்தெஸ் சிரித்தாள்.

விளக்குகளை அணைத்தார்கள். பெனிதாவின் வயிறு உள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. சீழின் இனித்த நாற்றம் முகமூடியைத் தாண்டி வர, உறிஞ்சும் குழாய் தாகம் தீராத வாய்போலச் சளசளக்க, கலங்கிய தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது. மாரிசோல் குழாய் கேட்டுத் திரும்பிய நொடியில் அவர் அதைத் திரையில் பார்த்தார்.

குடலின் அடிப்பக்கம். இரண்டாவது ஓட்டை. ஒரு குமிழி.

சொன்னால் அவள் தைத்துவிடுவாள். சொல்லாவிட்டால் இரண்டே நாளில் பெனிதாவுக்குக் காய்ச்சல் ஏறும், ஊர் மறுபடி அவரைத் தேடி வரும்.

கேமரா திரும்பியது.

"ஏன் சார் திருப்பினீங்க? அந்த இடத்தையே காட்டுங்க."

காட்டினார். ஓட்டை இல்லை. வழவழப்பான சுவர். மாரிசோல் காற்றடைத்துச் சோதித்தாள். "சுத்தமா இருக்கு."

"ஆறு லிட்டர் உள்ள போச்சு," என்றாள் லூர்தெஸ். இப்போது சிரிக்கவில்லை. "அஞ்சுதான் வந்திருக்கு. நீங்க தபி-தபி சொல்லவே இல்லையே, டாக்டர்."

வராந்தாவில் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் அவர் வயிற்றுக்குள் தண்ணீர்போல எதுவோ தளும்பியது. நின்றார். அதுவும் நின்றது.

பெனிதா ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். இன்றும் சந்தையில் மீன் விற்கிறாள். மாரிசோல் தலைமை டாக்டர். லூர்தெஸ் ஓய்வு பெற்றுவிட்டாள். ஹெனாரோவை மூன்று முறை ஸ்கேன் செய்தும் எதுவும் தெரியவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் பகலிலும் எல்லா விளக்குகளும் எரிகின்றன.

நேற்று மழை இருட்டிய மதியத்தில் மின்சாரம் போனது. அவர் சட்டையைத் தூக்கினார்.

வயிறு சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. யாரோ நடுங்காத கையால் கேமரா பிடிக்கிறார்கள். ஓரிடத்தில் வெளிச்சம் நின்றது, எதையோ கண்டதுபோல்.

பிறகு, வேண்டுமென்றே, திரும்பிக்கொண்டது.